கழற்றிப் போட்ட ஹெரால்டை என்ன செய்வது?

இந்த முறை மைலேஜ், டயர், எந்தப் புது வண்டி வாங்கலாம் என்ற கேள்விகளுக்கெல்லாம் இடமில்லை, மன்னித்துவிடுங்கள். கோவையிலிருந்து வந்த ஒரு கடிதத்தைப் படித்ததும் மற்றதை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். அதே விஷயத்தைத் தொட்டு வந்த இன்னும் மூன்று கடிதங்களையும் சேர்த்திருக்கிறேன். எழுதியவர்கள் பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் ஊர் மட்டும்.

கேள்வி (கோவை): எனக்கு 69 வயது. மில்லில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பழைய கார்களைச் சரிபண்ணுவது முப்பது வருஷப் பழக்கம். ஒரு பியட் 1100, இரண்டு அம்பாசிடர் முழுசாக முடித்திருக்கிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் கிடந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டை வாங்கினேன், நாலு கதவு வண்டி. பாடி தனி, சேசிஸ் தனியாகப் பிரித்தாயிற்று. இன்ஜின் ஒரு மூலையில் சாக்கு போர்த்திக் கிடக்கிறது. அதற்கப்புறம் முட்டி வலி, கண்ணில் புரை ஆபரேஷன், சர்க்கரை வேறு. இப்போதெல்லாம் ஷெட்டுக்குப் போனால் அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறேன். பெங்களூரில் இருக்கும் மகன், "வித்துடுங்கப்பா, நிம்மதியா இருங்க" என்கிறான். வீட்டுக்காரம்மா ஒன்றுமே சொல்வதில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவர் வந்து மொத்தத்துக்கும் ஒரு விலை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தொடரலாமா, விட்டுவிடலாமா? எதுவானாலும் நேராகச் சொல்லுங்கள்.

பதில்: தொடருங்கள் ஐயா. இந்த ஹெரால்டை முடியுங்கள், அதற்கப்புறம் எந்தத் தோப்பில் எந்த வண்டி கிடந்தாலும் இறங்கிப் பார்க்காதீர்கள். இரும்புக் கடைக்காரரிடம் இன்றைக்கே போன் பண்ணி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவர் சொன்ன விலை மனதில் இருக்கும்வரை, முட்டி வலிக்கிற நாளிலெல்லாம் அது ஒரு வழி மாதிரித் தெரியும்.

உங்களுக்கு ஆசை இருக்கிறது என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஓடாத வண்டியாக இருந்தாலும் முழுசாக நின்றால் வாங்க ஆள் வருவார்கள். பிரித்துப் போட்ட வண்டிக்குத் தராசோடுதான் ஆள் வருவார். எந்த போல்ட் எங்கே, எந்த பிராக்கெட் எந்தப் பக்கம், பாடி உட்காரும் இடத்தில் எத்தனை ஷிம் (இடைவெளிக்கு வைக்கிற மெல்லிய தகடு) இருந்தது, இதெல்லாம் உங்கள் ஒருவர் தலையில்தான் இருக்கிறது. நாலு வருஷம் ஆயிற்று என்கிறீர்கள், அதில் கொஞ்சம் இப்போதே மறந்திருக்கும். இன்னும் நாலு வருஷம் போனால் அது வண்டியே இல்லை, சாமான் குவியல். உங்கள் மகன் விற்க நினைத்தாலும் அன்றைக்கு விற்க முடியாது. அதனால் கழற்றியதை மாட்டுவதற்கு உங்களைவிடத் தகுந்த ஆள் கிடையாது, இப்போதைவிட நல்ல நேரமும் கிடையாது.

இன்னொன்று, உங்களிடம் இருப்பது எந்த வண்டி என்று யோசித்துப் பாருங்கள். ஹெரால்டு 1959-இல் இங்கிலாந்தில் டிரையம்ப் பெயரில் வந்த கார், உருவம் கொடுத்தவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிகெலோட்டி. 1961-இலிருந்து ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் அதை நம் மெட்ராஸில் செய்தது, 948 சிசி இன்ஜினோடு. வண்டலூர்ப் பக்கம் தொழிற்சாலை. அம்பாசிடர் கல்கத்தா பக்கம் உத்தர்பாராவிலிருந்து வந்தது, பியட் பம்பாய் குர்லாவிலிருந்து வந்தது, அந்தக் காலத்துக் கார்களில் நம் ஊர்க்கார வண்டி என்றால் இதுதான். அதிலும் நாலு கதவு ஹெரால்டு! இங்கிலாந்தில் அது கடைசிவரை இரண்டு கதவு வண்டியாகவே இருந்தது, நாலு கதவு வைத்தது இந்தியாவுக்காக இங்கே செய்த மாற்றம். இன்ஜின் சாமான், பிரேக் ரப்பர், சஸ்பென்ஷன் புஷ் எல்லாம் இங்கிலாந்தில் இன்றைக்கும் புதிதாகச் செய்து விற்கிறார்கள், ஸ்பிட்ஃபயர் என்கிற ஸ்போர்ட்ஸ் காரும் இதே குடும்பம் என்பதால் அங்கே இதற்கு ஆள் அதிகம். ஆனால் உங்கள் பின்கதவை உலகத்தில் எந்தக் கடையிலும் ஆர்டர் கொடுக்க முடியாது. இன்னொரு நாலு கதவு வண்டியிலிருந்து கழற்றினால்தான் உண்டு. அந்தக் கதவுகளை எடைக்குப் போடுவதை நினைத்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது.

சரி, உடம்பு விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் முட்டிக்கும் முதுகுக்கும் ஹெரால்டைப் போல ஒத்துப்போகிற பழைய கார் இன்னொன்று இல்லை என்பது என் அனுபவம். அம்பாசிடரில் என்ன பாடு பட்டிருப்பீர்கள் என்று தெரியும், மட்கார்டு மேல் குனிந்து குனிந்து முதுகு போய்விடும். ஹெரால்டில் மட்கார்டோடு சேர்த்து முன்பாகம் மொத்தமும் முன்னால் கவிழ்ந்து திறந்துகொள்ளும், முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே கார்பரேட்டரில் கை வைக்கலாம். கியர்பாக்ஸைப் பார்க்க அடியில் படுக்க வேண்டாம், உள்ளே இரண்டு முன் சீட்டுக்கும் நடுவே மேடாக இருக்கும் டனல் மூடியைக் கழற்றினால் மேலிருந்தே வெளியே வரும் (வெயிட்டை மட்டும் நீங்கள் தூக்காதீர்கள், அதற்கு இரண்டு பேர் வேண்டும்). பாடி துண்டு துண்டாக போல்ட் போட்டு சேசிஸ் மேல் உட்காருகிறது, அம்பாசிடர் மாதிரி ஒரே கூடு கிடையாது. அந்த வண்டியை வைத்துக்கொண்டு வயதாகிவிட்டது என்று விட்டுவிட வேண்டாம்.

ஆனால் வேலையைப் பங்கு பிரிக்க வேண்டும். இதில் நான் கண்டிப்பாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். டிங்கர் வேலை உங்கள் கையால் இனி வேண்டாம். பெயிண்ட் வேலையும் வேண்டாம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும், உப்புத்தாள் போட்டுத் தண்ணீர் தொடாமல் தேய்த்தால் அந்தத் தூள் நேராக நெஞ்சுக்குள் போகும். இப்போது அடிக்கிற ஹார்டனர் கலந்த பெயிண்டில் ஐசோசயனேட் என்கிற ரசாயனம் இருக்கிறது, சாதாரணத் துணி மாஸ்க் அதைத் தடுக்காது, ஆஸ்துமாவில் கொண்டுபோய் விட்டுவிடும். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், நாமெல்லாம் ஒரு காலத்தில் டிரம்மைக் கழற்றினதும் ஏர் பிடித்து ஊதினவர்கள்தான், இனி ஊத வேண்டாம், ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியைக் கவரில் கட்டிப் போட்டுவிடுங்கள். சேசிஸ் வெல்டிங்கும் வெளியே கொடுங்கள். ஹெரால்டு சேசிஸில் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கைகள்தான் முதலில் துருப்பிடிக்கும், தோப்பு ஈரத்தில் கிடந்த வண்டி என்றால் கட்டாயம் அங்கே ஓட்டை இருக்கும், அதை நல்ல வெல்டராகப் பார்த்துக் கொடுத்து, அளவு மாறாமல் கட்டச் சொல்லுங்கள், பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அளவு பாருங்கள். அளவு பார்ப்பது பிட்டர் வேலை, அதை உங்களைவிட யார் நன்றாகச் செய்வார்கள்?

உங்களுக்கென்று மிஞ்சுவது என்ன என்று கேட்பீர்கள். இன்ஜின் முழுக்க உங்களுடையது. ஒரு செயின் பிளாக் வாடகைக்கு எடுத்து, கனமான ஒரு மேசையில் அதை இடுப்பு உயரத்துக்கு ஏற்றி வைத்துவிடுங்கள், சாக்கை முதலில் எடுங்கள், சாக்கு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு துருவைத்தான் வளர்க்கும். ஹெட், வால்வு, கார்பரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், டைனமோ, வயரிங், கதவுப் பூட்டு, கண்ணாடி ஏற்றி இறக்கும் மெஷின், மீட்டர் எல்லாம் மேசை வேலை. உட்கார்ந்து செய்யலாம், ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம் செய்தால் போதும். பழைய கார் வேலையில் கைக்கு ருசியான பாகமும் அதுதான் என்று நான் நம்புகிறேன், மீதியெல்லாம் கூலி கொடுத்தால் நடக்கும்.

சர்க்கரை இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து ஷெட்டில் செருப்போடு, அதைவிட மோசமாக வெறுங்காலோடு நிற்காதீர்கள். சர்க்கரையில் கால் உணர்ச்சி குறைந்தால் இரும்புத் தூள் குத்தியது தெரியாது, இரண்டு நாள் கழித்துப் புண்ணாகத்தான் தெரியும். கட்டை விரலை மூடுகிற ஷூ போடுங்கள், வீட்டுக்கு வந்ததும் பாதத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா? சாப்பிட்டால், சின்னத் தகரக் கீறலுக்கும் ரத்தம் நிற்க நேரம் எடுக்கும், கையுறை இல்லாமல் தகடு தொடாதீர்கள். கண் ஆபரேஷன் ஆனபிறகு ஷெட்டில் பழைய ஒற்றை பல்பு போதாது, நாலு எல்இடி டியூப் மாட்டுங்கள். இது நான் என் ஷெட்டில் மாட்டியபிறகுதான், இத்தனை வருஷமாகப் பாதி வேலையைத் தடவிப் பார்த்துச் செய்திருக்கிறேன் என்று தெரிந்தது.

அடுத்தது வரிசை. இந்தக் கடிதத்தில் நான் சொல்வதில் இதைத்தான் முக்கியமாக நினைக்கிறேன். இளவயதில் எந்த வரிசையில் செய்தாலும் கடைசியில் முடிந்துவிடும், அதனால் நாம் வரிசை பார்க்கவில்லை. இப்போது எந்த மாதத்தில் நிறுத்த வேண்டி வந்தாலும் கையில் இருப்பது முழுப் பொருளாக இருக்கிற மாதிரி வேலையை அடுக்க வேண்டும். முதலில் சேசிஸ். வெல்டிங் முடித்து, கருப்பு அடித்து, சஸ்பென்ஷன், பிரேக், நாலு சக்கரம் மாட்டிவிடுங்கள். அங்கே நிறுத்தினாலும் அது தள்ளினால் உருளும். அப்புறம் பாடியைப் பெயிண்ட் இல்லாமலே மேலே ஏற்றி, கதவு, முன்பாகம் எல்லாம் மாட்டி இடைவெளி சரிபாருங்கள். ஹெரால்டில் அந்த இடைவெளி வராமல் பெயிண்ட் அடித்தவர்கள் பிறகு அழுதிருக்கிறார்கள், ஷிம் வைத்து ஏற்றி இறக்கித்தான் சரிபண்ண வேண்டும், அதற்குள் புதுப் பெயிண்ட் உரிந்துவிடும். அங்கே நிறுத்தினாலும் அது பார்ப்பதற்குக் கார். அதற்கப்புறம் இன்ஜின், கியர்பாக்ஸ். அங்கே நிறுத்தினால் ஓடுகிற, பெயிண்ட் அடிக்காத கார், அதற்கு நல்ல விலை தரும் ஆட்கள் சென்னையிலும் கோவையிலும் இருக்கிறார்கள். பெயிண்ட், சீட், கூரைத் துணி எல்லாம் கடைசி. பல பேர் பெயிண்டில் ஆரம்பித்துவிடுகிறார்கள், வீட்டில் காட்டுவதற்கு அதுதான் வசதி, அங்கேயே பணமும் தீர்ந்துவிடும்.

முன் சக்கரம் திரும்புகிற இடத்தில், கீழே, டிரனியன் என்று மரை போட்ட மூட்டு ஒன்று இருக்கும், ஹெரால்டில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். அதற்கு கிரீஸ் அடிக்கக் கூடாது, 90 கியர் ஆயில்தான் விட வேண்டும். நம் ஊரில் எல்லா நிப்பிளிலும் கிரீஸ் கன்னை வைத்து அழுத்திவிடுவார்கள், அப்படி எண்ணெய் போய்ச் சேராமல் தேய்ந்து, திருப்பத்தில் முன் சக்கரம் மடங்கி உட்கார்ந்த ஹெரால்டுகள் நிறைய. உங்கள் வண்டியின் டிரனியனைக் கட்டாயம் கழற்றிப் பார்த்து மாட்டுங்கள், பழைய மரைக்கு மேல் துரு இருந்தால் மாற்றிவிடுங்கள். வண்டியை யாருக்காவது கொடுக்கும் நாளில் ஒரு சீட்டில் எழுதி அந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டிக் கொடுங்கள்.

ஒரு பையனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐடிஐ முடித்தவனோ, பாலிடெக்னிக்கில் படிக்கிறவனோ, பெண்ணாக இருந்தாலும் சரி, வாரம் ஒரு நாள் வரட்டும். சும்மா வேலை வாங்காமல் சம்பளம் கொடுங்கள். இப்போது படித்து வருகிறவர்களுக்கு ஸ்கேனர் மாட்டிப் பார்க்கத் தெரியும், கார்பரேட்டரைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள், டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் இடைவெளி வைப்பது எப்படி என்று காட்டினால் அப்படியே முகம் மாறும், அதைப் பார்க்கவே நீங்கள் ஷெட்டுக்குப் போவீர்கள். நீங்கள் அரை மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வருவதற்குக் காரணம் முட்டி மட்டும் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. தனியாக நிற்கிறீர்கள்.

கடைசியாக வீட்டுக்காரம்மா. அவர் ஒன்றும் சொல்வதில்லை என்று நீங்கள் என்னிடம் எழுதியிருக்கிறீர்கள், அவரிடம் கேட்டீர்களா? சாயங்காலம் காபி நேரத்தில் உட்கார்ந்து மூன்று விஷயம் பேசுங்கள்: இதற்கு இன்னும் எவ்வளவு பணம், எந்த மாதத்துக்குள், முடிந்தபின் வண்டி யாருக்கு. தொகையை முன்கூட்டியே ஒரு நோட்டில் எழுதி அவர் கையில் கொடுங்கள். மருத்துவத்துக்கென்று வைத்த பணத்தில் ஒரு ரூபாய்கூட ஷெட்டுக்குப் போகக் கூடாது. இரண்டு வருஷம் என்று கெடு வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொரு கட்டத்திலும் நிறுத்தும் வழி இருப்பதால் கெடு தவறினாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

கேள்வி (திருச்சி): என் கணவருக்கு 73 வயது. வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் ஒரு அம்பாசிடரை வைத்துக்கொண்டு நாள் முழுக்க அதன் அடியிலேயே படுத்துக் கிடக்கிறார். கூப்பிட்டால் கேட்பதில்லை, கதவை வேறு உள்ளே தாழ் போட்டுக்கொள்கிறார். வேண்டாம் என்றால் இரண்டு நாள் பேச மாட்டேன் என்கிறார். எப்படி நிறுத்துவது?

பதில்: அம்மா, நிறுத்தச் சொல்லி நீங்கள் ஜெயிக்க மாட்டீர்கள், ஜெயித்தாலும் அவர் அடுத்த ஆறு மாதத்தில் டிவி முன்னால் உட்கார்ந்து உடம்பைக் கெடுத்துக்கொள்வார். அதைவிட, எப்படிச் செய்ய வேண்டும் என்பதில் பிடிவாதமாக நில்லுங்கள். அதில் நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டியதே இல்லை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், அவரிடமும் படித்துக் காட்டுங்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என் பியட்டின் சைலென்சர் கிளாம்ப் ஒன்றை இறுக்குவதற்காக ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுத்திருந்தேன், ஐந்து நிமிஷ வேலைதானே என்று. ஸ்பேனர் அளவு சரியில்லை, வேறு எடுக்க வெளியே வந்தேன். எழுந்து இரண்டு அடி வைத்திருப்பேன், ஜாக்கி சரிந்து வண்டி தரையில் உட்கார்ந்தது. வீட்டில் யாரும் இல்லை. சத்தம் கேட்டு ஒருவரும் வரவில்லை. நான் உள்ளே இருந்திருந்தால் சாயங்காலம்வரை யாருக்கும் தெரிந்திருக்காது. அன்றைக்கு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன், ரொம்ப நேரம் எழுந்திருக்க முடியவில்லை.

அதனால் ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தூக்கியபின் நாலு ஸ்டாண்டு வைத்து, அதன்மேல் வண்டி உட்கார்ந்தபிறகுதான் அடியில் போக வேண்டும். செங்கல், ஹாலோ பிளாக் மேல் நிறுத்துவது வேண்டவே வேண்டாம், பாரத்தில் அது எச்சரிக்கை கொடுக்காமல் நொறுங்கும். தரை சிமெண்ட் தரையாக இருக்க வேண்டும், அம்பாசிடர் ஒரு டன்னுக்கு மேல் கனம், மண்ணில் ஸ்டாண்டு புதையும். கதவுத் தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள், இதற்கு அவரிடம் அனுமதி கேட்க வேண்டாம். போன் சட்டைப் பையில் இருக்க வேண்டும், மேசையில் இருந்தால் பிரயோஜனமில்லை. அடியில் படுக்கிற வேலையை யாராவது வீட்டில் இருக்கும் நேரத்தில் மட்டும் செய்யட்டும், அந்த நேரத்தில் நீங்களும் ஒரு நாற்காலி போட்டுக் கீரை ஆய்ந்துகொண்டு உட்காரலாமே. ஷெட்டில் பெட்ரோல் கேன் வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். வெல்டிங் நடக்கிற இடத்தில் அது இருக்கவே கூடாது. காலி டேங்குக்குத்தான் ஆபத்து அதிகம், உள்ளே ஆவி நிற்கும்.

இன்னொன்றும் கேளுங்கள், அவர் டிரைவிங் லைசென்ஸ் எந்தத் தேதிவரை என்று. 55 வயதுக்கு மேல் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், டாக்டர் சான்றிதழும் வேண்டும். வண்டியை முடித்துவிட்டு ஓட்ட லைசென்ஸ் இல்லாமல் நிற்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (மதுரை): அப்பா போன வருஷம் தவறிவிட்டார். 1966 பியட் ஒன்று விட்டுப்போயிருக்கிறார், ஆர்சி அவர் பெயரில்தான் இருக்கிறது, ஒன்றரை வருஷமாக ஸ்டார்ட் செய்யவில்லை. எனக்கு வயது 41, வண்டி வேலை தெரியாது, விற்கவும் மனசில்லை. என்ன செய்ய?

பதில்: முதலில் காகிதம். உரிமையாளர் இறந்தால் வாரிசு பெயருக்கு மாற்ற படிவம் 31 கொடுக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் கொடுத்திருக்க வேண்டியது, தாமதமாகிவிட்டது என்றாலும் இப்போதே வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழோடு ஆர்டிஓ அலுவலகம் போய்விடுங்கள். தள்ளிப்போடத் தள்ளிப்போடச் சிக்கல்தான் கூடும். மற்ற வாரிசுகள் இருந்தால் அவர்கள் சம்மதமும் எழுத்தில் வேண்டும்.

50 வருஷம் தாண்டிய சொந்த உபயோக வண்டியை வின்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்ய 2021-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. நம்பரில் விஏ என்று வரும், பத்து வருஷத்துக்குச் செல்லும், அந்த விதியில் புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. சேசிஸ், பாடி, இன்ஜின் பெரிய மாற்றம் இல்லாமல் அசலாக இருக்க வேண்டும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை ஆபீசுக்கும் கோயிலுக்கும் தினசரி எடுத்துப்போக முடியாது, கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, மெக்கானிக்கிடம் போக என்று அளவோடுதான். அப்பாவின் வண்டியில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அழகர்கோயில் போக ஆசை என்றால் சாதாரணப் பதிவையே எஃப்சி (தகுதிச் சான்று) காட்டிப் புதுப்பித்துக்கொண்டிருங்கள்.

வண்டியை இப்போது சாவி போட்டுத் திருப்பிவிடாதீர்கள். ஒன்றரை வருஷப் பெட்ரோல் டேங்கில் இருக்கிறது. இப்போது பங்கில் வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், டேங்குக்குள் துரு பிடிக்கும், அந்தக் காலத்து ரப்பர் குழாயையும் பம்ப் டயாபிராமையும் ஊறவைத்துக் கெடுக்கும். டேங்கை வடித்து, பெட்ரோல் குழாய்கள் அத்தனையும் எத்தனாலுக்குத் தாங்குகிற ரகமாக மாற்றி, கார்பரேட்டர் கழுவி, பிரேக் ஆயிலையும் மாற்றிய பிறகுதான் இன்ஜின். அப்பாவுக்கு வேலை பார்த்த மெக்கானிக் இருப்பார், அவர் நம்பர் அப்பா போனில் இருக்கும், அவரையே கூப்பிடுங்கள். அவருக்கும் அந்த வண்டியைப் பார்க்க வேண்டும் என்று இருக்கும்.

கேள்வி (சென்னை): எனக்கு 76. இரண்டு வருஷத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் விற்றுவிட்டேன், வண்டி, சாமான், மூன்று பெட்டி ஸ்பேனர், எல்லாம். டாக்டர் சொன்னார், பிள்ளைகள் சொன்னார்கள். வாங்கியவர் நல்லவர், பணமும் சரியாகக் கொடுத்தார். ஆனால் பழைய வண்டிச் சாமான் கடைகள் இருக்கிற புதுப்பேட்டைப் பக்கம் பஸ்ஸில் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். அவசரப்பட்டுவிட்டேனா?

பதில்: வண்டியை விற்றது சரிதான் ஐயா, டாக்டர் சொன்னபிறகு நீங்கள் செய்தது நியாயமான காரியம், வாங்கியவர் நல்லவர் என்றால் வண்டிக்கும் நல்ல இடம் கிடைத்திருக்கிறது. ஸ்பேனரைக் கொடுத்ததுதான் தப்பு. அதை யாரும் உங்களிடம் சொல்லவில்லை போலிருக்கிறது.

புதுப்பேட்டையில் இறங்குங்கள். காலை பத்து மணிக்கு முன்னால், வெயில் ஏறுவதற்குள், யாரையாவது துணைக்கு வைத்துக்கொண்டு போங்கள். ஒரு சின்ன ஸ்பேனர் செட், இரண்டு ஸ்குரூ டிரைவர், இடைவெளி அளக்க ஒரு ஃபீலர் கேஜ் வாங்குங்கள், அதற்குமேல் வேண்டாம். அம்பாசிடர், பியட் வைத்திருக்கும் இளைஞர்கள் சென்னையில் நிறையப் பேர் கார்பரேட்டர் டியூன் பண்ண ஆள் கிடைக்காமல் அலைகிறார்கள், மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப்காரர்களின் கண்காட்சி நடக்கும் நாளில் போய் நின்று நான் இன்ன வேலை செய்வேன் என்று நாலு பேரிடம் சொன்னால் போதும். கார்பரேட்டர் கையில் பிடிக்கிற அளவுதான், சாப்பாட்டு மேசையில் பேப்பர் விரித்துச் செய்கிற வேலை, மூச்சு வாங்காது. கழுவுவதற்கு பெட்ரோல் மட்டும் வீட்டுக்குள் வேண்டாம், பால்கனியில் வைத்துக்கொள்ளுங்கள்.

என்னிடமே ஒன்று இருக்கிறது, சோலெக்ஸ் கார்பரேட்டர், ஐடிலில் நிற்க மாட்டேன் என்கிறது, ஜெட்டெல்லாம் ஊதிப் பார்த்துவிட்டேன், எங்கேயோ காற்று இழுக்கிறது. உங்கள் முகவரி கடிதத்தின் பின்னால் இருக்கிறது, அடுத்த வாரம் அனுப்பி வைக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.